டிரைவரில் மட்டும் பந்து வலப்பக்கம் வளைகிறது: பிடியைத் திருத்துவதா, வீச்சைத் திருத்துவதா?

கடம்பு

அனைவருக்கும் வணக்கம். கோல்ஃப் ஆடத் தொடங்கி ஐந்து மாதங்கள் ஆகின்றன. நான் வலக்கை ஆட்டக்காரி. 9ஆம் எண் அயர்னில் (இரும்புத் தலை கொண்ட கிளப், அதாவது அடிகோல்) பந்து ஏறக்குறைய நேராகப் போகிறது. 7ஆம் எண்ணில் கொஞ்சம் வலப்பக்கம் ஒதுங்குகிறது. கிளப்புகளில் மிக நீளமான டிரைவரை எடுத்தால் பந்து இலக்குக்குச் சற்று இடப்பக்கமாகக் கிளம்புகிறது, பாதி தூரம் போனதும் வலப்பக்கம் பெரிய வளைவாக வளைந்து மரங்களுக்குள் போய் விழுகிறது. பத்தில் எட்டுப் பந்துகள் இப்படித்தான்.

வலப்பக்கம்தானே போகிறது என்று இன்னும் இடப்பக்கம் திரும்பி நின்று அடித்துப் பார்த்தேன். வளைவு முன்னைவிடப் பெரிதாகிவிட்டது. ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

உடன் ஆடுபவர்களிடம் கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். தலையைத் தூக்காதே என்கிறார் ஒருவர். மெதுவாக வீசு என்கிறார் இன்னொருவர். முழங்கையை உடம்போடு ஒட்டி வை என்கிறார் மூன்றாமவர். எல்லாவற்றையும் ஒரே வீச்சில் நினைவில் வைத்துக்கொண்டு அடிக்க முடியவில்லை. எதை முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள், போதும்.

நேர்கோடு

நீங்கள் எழுதியிருப்பதிலேயே பாதி விடை இருக்கிறது. பந்து இடப்பக்கம் கிளம்பி வலப்பக்கம் வளைகிறது என்று கவனித்துச் சொல்லியிருக்கிறீர்கள். பலர் "வலப்பக்கம் போகிறது" என்பதோடு நிறுத்திவிடுவார்கள்.

இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பாருங்கள். ஒன்று, பந்தைத் தொடும்போது கிளப்பின் முகம் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பது. மற்றொன்று, அந்தக் கணத்தில் கிளப்பின் தலை எந்தப் பாதையில் நகர்கிறது என்பது. பாதை காட்டும் திசையில் பந்து கிளம்பி, முகம் காட்டும் திசைக்கு வளையும் என்றுதான் பல காலம் கற்பித்து வந்தார்கள். ரேடார் கருவிகள் வந்த பிறகு அந்தப் பாடம் நிற்கவில்லை. பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது முகம்தான். டிரைவரில் அதன் பங்கு ஏறத்தாழ 85 சதவீதம், அயர்னில் 75 சதவீதம் அளவில் இருக்கும். வளைவைத் தீர்மானிப்பது முகத்துக்கும் பாதைக்கும் இடையே உள்ள கோணம்.

உங்கள் டிரைவரை எடுத்துக்கொள்வோம். பாதை இலக்குக்கு 6 பாகை இடப்பக்கம் போகிறது, முகம் 2 பாகை இடப்பக்கம் பார்க்கிறது என்று வையுங்கள். பந்து ஏறத்தாழ இரண்டரை பாகை இடப்பக்கம் கிளம்பும். ஆனால் பாதையிலிருந்து பார்த்தால் முகம் 4 பாகை வலப்பக்கம் திறந்திருக்கிறது. பந்தின் சுழற்சி அச்சு வலப்பக்கம் சாய்கிறது, பந்தும் அந்தப் பக்கமே வளைகிறது. நீங்கள் இடப்பக்கம் திரும்பி நின்றபோது பாதையும் உடம்போடு சேர்ந்து திரும்பிவிட்டது. ஆனால் பந்து இலக்கை நோக்கித்தான் போக வேண்டும் என்ற எண்ணத்தில் உங்கள் கைகள் முகத்தை இலக்கின் பக்கமே வைத்திருந்தன. இடைக்கோணம் கூடியது, வளைவும் கூடியது.

9ஆம் எண் நேராகப் போவதைப் பார்த்து அதில் உங்கள் வீச்சு சரியாக இருக்கிறது என்று எண்ண வேண்டாம். அதன் முகம் 40 பாகை அளவுக்கு மல்லாந்திருக்கும், பின்சுழற்சி (பந்து பின்னோக்கிச் சுழல்வது) நிறைய உண்டாகும். அதே 4 பாகைப் பிழை அந்த அச்சை அவ்வளவாகச் சாய்க்காது. டிரைவரின் சாய்வு 10 பாகை அளவுதான். பின்சுழற்சி குறைவு என்பதால் சிறு பிழையும் அச்சைப் பெரிதாகச் சாய்த்துவிடும். பிழை எல்லாக் கிளப்பிலும் இருக்கிறது, டிரைவர் அதை மறைப்பதில்லை.

மூத்தகை

நேர்கோடு கணக்கைச் சரியாகச் சொல்லிவிட்டார். எதை முதலில் பிடிப்பது என்ற கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். முகத்தைப் பிடியுங்கள், அம்மா. பாதையை இப்போதைக்குத் தொடவே தொடாதீர்கள்.

ஐந்து மாதம் ஆடியவருக்குக் கிளப் வெளியிலிருந்து உள்ளே, அதாவது இலக்குக் கோட்டுக்கு அப்பாலிருந்து உடம்பின் பக்கமாக, வெட்டிக்கொண்டு வருகிறது என்றால் அது எங்கிருந்து வந்தது? பிறவிக் குணம் அல்ல. முதல் வாரங்களில் முகம் திறந்தே பந்தைத் தொட்டிருக்கும், பந்து வலப்பக்கம் ஓடியிருக்கும். அதை இடப்பக்கம் இழுத்துக் கொண்டுவர உடம்பு தானாக ஒரு வழி கண்டுபிடித்திருக்கும். தோளை முன்னே தள்ளி இடப்பக்கமாக வெட்டுவதுதான் அந்த வழி. யாரும் சொல்லித்தராமல் கண் பார்த்ததற்குக் கை செய்த பரிகாரம் அது. எரிகிறதைப் பிடுங்கினால் கொதிக்கிறது அடங்கும். இங்கே எரிகிறது முகம்.

பந்தும் கிளப்பும் ஒன்றை ஒன்று தொட்டிருக்கும் நேரம் ஏறத்தாழ ஒரு நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அதற்குள் கையைத் திருப்பிச் சரிசெய்வது யாராலும் ஆகாது. ஆகவே வீச்சு தொடங்குவதற்கு முன்பே, நிற்கும்போதே, முகத்தின் கதையை முடித்துவைக்க வேண்டும். அதற்குப் பிடிதான் வழி.

இடக்கைப் பிடியைக் குனிந்து பாருங்கள். புறங்கையில் எத்தனை விரல் முட்டிகள் தெரிகின்றன? ஒன்று மட்டும் தெரிந்தால் பிடி பலவீனம், அதாவது கை இடப்பக்கம் அதிகம் திரும்பியிருக்கிறது. இரண்டு நன்றாகத் தெரிந்து மூன்றாவது எட்டிப்பார்க்க வேண்டும். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே விழும் மடிப்பு உங்கள் வலத்தோளைக் காட்ட வேண்டும். வலக்கையின் மடிப்பும் அப்படியே. கிளப்பின் தண்டு உள்ளங்கையின் நடுவே கிடக்கக் கூடாது, விரல்களின் அடியில் கிடக்க வேண்டும். உள்ளங்கையில் கிடந்தால் மணிக்கட்டு பூட்டிக்கொள்ளும், முகம் திரும்பி வராது.

இறுக்கிப் பிடிப்பதையும் விட்டுவிடுங்கள். முன்கைத் தசை விறைத்திருந்தால் முகம் திரும்புவதற்குத் தாமதமாகும்.

வில்லாளன்

மூத்தகை ஐயா மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆனாலும் இதில் உடன்பட முடியவில்லை. வெளியிலிருந்து உள்ளே வெட்டும் பாதையை அப்படியே வைத்துக்கொண்டு முகத்தை மட்டும் மூடினால் பந்து நேராகப் போகாது, இடப்பக்க மரங்களுக்குள் போகும். தலைவலி போய்த் திருகுவலி வந்த கதையாகிவிடும். எனக்கு அப்படித்தான் நடந்தது. பிடியை மாற்றிய மறுநாள் முழுச் சுற்று ஆடினேன். எல்லைக்கு வெளியே போன பந்துக்கு ஓர் அடி தண்டனையோடு மறுபடியும் முதல் அடி அடிக்கும் டீயிலிருந்தே அடிக்க வேண்டும் என்ற விதியை அன்று ஒன்பது குழிகளுக்குள் நான்கு முறை அனுபவித்தேன். அன்றே பழைய பிடிக்குத் திரும்பிவிட்டேன்.

பாதையை முதலில் உள்ளிருந்து வரச் செய்யுங்கள். பந்துக்கு வெளிப்புறம், ஒரு சாண் பின்னால், காலி அட்டைப்பெட்டி ஒன்றை வைத்து, அதைத் தொடாமல் அடித்துப் பழகுங்கள். பாதை சரியானால் முகத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மூத்தகை

தம்பி, நீங்கள் சொன்ன அந்த நான்கு பந்துகளைத்தான் நான் வேண்டும் என்கிறேன். பந்து இடப்பக்கம் நேர்கோடாகப் போனது என்றால் முகமும் பாதையும் ஒன்றுசேர்ந்துவிட்டன என்று பொருள். வளைவு தீர்ந்துவிட்டது, மிச்சம் இருந்தது திசை மட்டும். நீங்கள் நல்ல செய்தி வந்த நாளில் திரும்பிப் போயிருக்கிறீர்கள். பிடி மாற்றிய மறுநாள் சுற்று ஆடியதுதான் தவறு. எண்ணிக்கை எழுதும் இடத்தில் யாருக்கும் புதுப் பழக்கம் நிலைக்காது.

இதை மாற்றிச் செய்து பார்ப்போம். முகம் திறந்தே இருக்கும் ஒருவரிடம் உள்ளிருந்து வீசு என்றால் என்ன ஆகும்? பந்து வலப்பக்கம் கிளம்பி இன்னும் வலப்பக்கம் போகும். அதைப் பார்த்த கண், அடுத்த அடியிலேயே பழைய வெட்டுக்குக் கையை அழைத்துப் போய்விடும். பெட்டி இருக்கும்வரை ஒழுங்காக வீசுவார், பெட்டியை எடுத்ததும் பழையபடி வெட்டுவார். பலரிடம் இதைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். பந்து இடப்பக்கம் போகத் தொடங்கினால் யாரும் சொல்லாமலே உடம்பு வலப்பக்கம் வீச முயலும். அந்த உந்துதலைப் பயன்படுத்திக்கொள்ளத்தான் முகத்தை முதலில் சொல்கிறேன்.

ஒன்றை மட்டும் உங்கள் பக்கம் ஒப்புக்கொள்கிறேன். நிற்கும்போதே தோள்கள் இடப்பக்கம் திறந்திருந்தால் அதை முதல் நாளே சரிசெய்ய வேண்டும். அது வீச்சின் பிழை அல்ல, நிலையின் பிழை. டிரைவருக்குப் பந்து இடக்குதிகாலுக்கு நேராக இருந்தால் போதும். அதைத் தாண்டி முன்னே வைத்தால், எட்டிப் பிடிப்பதற்காகத் தோள் தானே திறந்துகொள்ளும். மார்புக்குக் குறுக்கே ஒரு கிளப்பை வைத்து அது எங்கே காட்டுகிறது என்று பாருங்கள்.

மட்டையாளர்

கடம்பு, நீங்கள் முன்பு கிரிக்கெட் ஆடியவரா? ஆடியிருந்தால் இது உங்களுக்கு உதவும். நான் பல ஆண்டுகள் கிரிக்கெட் ஆடிவிட்டுக் கோல்ஃபுக்கு வந்தேன். நேர் டிரைவ் ஆடும்போது மட்டையின் முகத்தைக் கடைசிவரை பந்தின் பக்கம் காட்டியபடியே வைக்கச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். மேல்கையின் புறப்பக்கம் முன்னே பார்த்தபடி இருக்கும். அந்தப் பிடியையும் அந்தப் பழக்கத்தையும் அப்படியே கோல்ஃபுக்குக் கொண்டுவந்தால் முகம் திரும்பாது, பந்து வலப்பக்கம் வளையும். எனக்கு இது தெரிய ஓராண்டு ஆயிற்று.

எனக்கு வழி காட்டியது பாதி வீச்சு. 8ஆம் எண் அயர்னை எடுத்து, இடுப்பளவில் பின்னே, இடுப்பளவில் முன்னே, அவ்வளவுதான். பின்னே போகும்போது இடுப்பளவில் கிளப் தலையின் நுனி வானத்தைப் பார்க்க வேண்டும். முன்னே வந்து இடுப்பளவில் நிற்கும்போதும் நுனி வானத்தைப் பார்க்க வேண்டும். முன்னே வந்தபோது என் கிளப்பின் முகமே வானத்தைப் பார்த்தபடி மல்லாந்து நின்றது. அப்போதுதான் முகம் திரும்பவே இல்லை என்பதைக் கண்ணால் பார்த்தேன்.

இடக்கை

நான் இடக்கை ஆட்டக்காரன். எனக்கு எல்லாவற்றையும் இட வலம் மாற்றிப் படித்தால் போதுமா?

நேர்கோடு

போதும். உங்கள் ஸ்லைஸ் (கடம்புக்கு வலப்பக்கம் வளைகிறதே, அந்த வகை அடி) இடப்பக்கம் வளையும், பிடியில் வலக்கையின் முட்டிகளை எண்ணுங்கள், மடிப்பு இடத்தோளைக் காட்ட வேண்டும். வேறு எதுவும் மாறாது.

கடம்பு (எட்டு நாட்களுக்குப் பிறகு)

கிரிக்கெட் ஆடியதில்லை, பூப்பந்து ஆடியிருக்கிறேன். மூத்தகை ஐயா சொன்னபடி பிடியை மாற்றினேன். மூன்று முறை பயிற்சித் திடலுக்குப் போனேன், ஒவ்வொரு முறையும் ஐம்பது பந்துகளுக்குக் குறையாமல் அடித்தேன். முட்டிகள் மூன்றும் தெரிகின்றன. மடிப்பு வலத்தோளைக் காட்டுகிறது. ஆனால் பந்து முன்பு போலவேதான் வளைகிறது. ஒரு மாற்றமும் இல்லை. வில்லாளன் சொன்னதுதான் சரியோ என்று தோன்றுகிறது. சற்றுச் சோர்ந்துபோயிருக்கிறேன்.

மூத்தகை

சோர்வு வேண்டாம், அம்மா. "ஒரு மாற்றமும் இல்லை" என்பதுதான் என்னை யோசிக்க வைக்கிறது. பிடி உண்மையிலேயே மாறியிருந்தால் நல்லதோ கெட்டதோ ஏதாவது மாறியே தீரும். பிடியை எப்படி மாற்றினீர்கள்? கிளப்பைத் தரையில் வைத்துப் பழையபடி பிடித்துவிட்டு, பிறகு கைகளை வலப்பக்கம் உருட்டினீர்களா? உருட்டியபோது கிளப்பின் முகம் எங்கே போனது?

கடம்பு

ஆமாம், அப்படித்தான் செய்தேன். இப்போது வீட்டில் கிளப்பை எடுத்துப் பார்த்தேன். கையோடு சேர்ந்து முகமும் உருண்டு வலப்பக்கம் திறந்துகொள்கிறது. அது நேராக இருப்பது போலத் தெரிய, நான் அறியாமலேயே மணிக்கட்டைத் திருப்பிப் பழைய நிலைக்கே கொண்டுவந்து நிற்கிறேன். திடலில் பந்தின் முன் நின்று அடிக்கத் தொடங்கும்போது எத்தனை முட்டிகள் தெரிந்தன என்று நான் பார்க்கவே இல்லை.

மூத்தகை

அதுதான். நீங்கள் கைகளையும் கிளப்பையும் ஒன்றாகத் திருப்பியிருக்கிறீர்கள். கைக்கும் முகத்துக்கும் உள்ள உறவு துளியும் மாறவில்லை. வீசும்போது கைகள் தமக்குப் பழகிய நிலையில்தான் பந்துக்கு வந்து சேரும், முகமும் பழைய இடத்துக்கே வந்துவிடும். பிடி மாற்றியும் பயனில்லை என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் செய்யும் தவறு இது. இதை முதலிலேயே எச்சரிக்காதது என் குறைதான்.

இப்படிச் செய்யுங்கள். கிளப்பை வலக்கையால் தண்டின் நடுவில் பிடித்து, முகத்தின் கீழ்விளிம்பு இலக்குக்குச் செங்குத்தாக நிற்கும்படி முன்னால் நீட்டுங்கள். முகம் அசையக் கூடாது. இடக்கையை உடம்பின் பக்கவாட்டில் தளர்வாகத் தொங்கவிடுங்கள். அது தொங்கும்போது புறங்கை நேராக இலக்கைப் பார்க்காது, சற்று உடம்பின் முன்பக்கம் திரும்பியிருக்கும். அந்தக் கோணத்தைக் கெடுக்காமல் அப்படியே கொண்டுபோய்ப் பிடியில் வைத்து விரல்களை மூடுங்கள். பிறகு வலக்கை. ஒவ்வொரு பந்துக்கும் கையை முழுதாக விட்டு, மறுபடி பிடியுங்கள். ஐம்பது பந்து வேண்டாம், இருபது போதும்.

முதல் நாள் இந்தப் பிடி கையில் ஒட்டாது, அந்நியமாக இருக்கும். அப்படி இருந்தால்தான் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள்.

வில்லாளன்

ஐயா, இதைப் படித்த பிறகு எனக்கும் ஒரு கேள்வி எழுகிறது. பழைய பயிற்சி ஏடுகள் சில, பிடியை இன்னும் இடப்பக்கம் நகர்த்தச் சொல்கின்றனவே, அது ஏன்?

மூத்தகை

யார் யாருக்குச் சொன்னது என்று பார்க்க வேண்டும், தம்பி. பென் ஹோகன் தொழில்முறை ஆட்டத்தில் பல ஆண்டுகள் இடப்பக்கம் வளையும் ஹூக்கோடு போராடியவர். அதை அடக்கத்தான் தன் பிடியைப் பலவீனமாக்கிக்கொண்டார். 1953இல் மட்டும் மூன்று பெரும் பட்டங்களை வென்றவர், அவர் சொன்னதை உலகமே கேட்டது. ஆனால் அவர் நோயும் நம் நோயும் நேர் எதிர். ஹூக்கைத் தணிக்கும் மருந்தை ஸ்லைஸ் உள்ளவர் குடித்தால் நோய் கூடத்தான் செய்யும்.

கடம்பு (பன்னிரண்டு நாட்களுக்குப் பிறகு)

நடந்துவிட்டது! முதல் ஏழு பந்துகளில் ஐந்து, இடப்பக்கம் அம்பு போல நேராகப் போயின. வளைவே இல்லை. டிரைவரில் இத்தனை பந்துகள் வலப்பக்கம் வளையாமல் பறப்பதை ஐந்து மாதத்தில் முதல்முறையாகப் பார்த்தேன். திடலில் அடுத்த இடத்தில் நின்றவர் "தப்பாகப் போகிறதே" என்று வருத்தப்பட்டார், எனக்கோ சிரிப்பை அடக்க முடியவில்லை. ஒலிகூட மாறிவிட்டது.

நான்காவது முறை போனபோது, யாரும் சொல்லாமலே பந்துகள் கொஞ்சம் கொஞ்சமாக நடுவுக்கு நகர்ந்தன. ஐயா சொன்ன அந்த உந்துதல் இதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் இன்னும் மூன்றில் ஒரு பந்து இடப்பக்கம் போகிறது, சில பந்துகள் பழையபடி மெல்ல வலப்பக்கமும் வளைகின்றன.

வில்லாளன்

மனமார்ந்த வாழ்த்துகள். என் வாதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நானும் பிடியை மறுபடி மாற்றப் போகிறேன்.

ஆனால் இப்போது அந்தப் பெட்டிக்கு வேளை வந்துவிட்டது. முகம் மூடியிருப்பதால் இனி உள்ளிருந்து வீசினால் உடனே பலன் தெரியும். வலக்காலை அரையடி பின்னே இழுத்து நின்று பாதி வேகத்தில் அடியுங்கள், இடுப்பு வழிவிடும், கைகள் கீழே இறங்க இடம் கிடைக்கும். பின்வீச்சின் உச்சியில் அவசரப்படாதீர்கள். முதலில் பாரம் இடக்காலுக்குப் போகட்டும், தோள் அதற்குப் பிறகு. தோள் முந்திக்கொண்டால் வெட்டு வந்துவிடும்.

நேர்கோடு

மெல்ல வலப்பக்கம் வளையும் அந்தச் சில பந்துகளுக்கு வேறு காரணம் இருக்கலாம். வெள்ளைப் பலகையில் எழுதும் மார்க்கரால் பந்தின் பின்புறம் பெரிய புள்ளி வைத்து அடியுங்கள், முகத்தில் பட்ட இடம் பதிந்துவிடும். தண்டு சேரும் குதிப்பக்கத்தில் பட்டிருந்தால், முகமும் பாதையும் சரியாக இருந்தாலும் பந்து வலப்பக்கம் வளையும். டிரைவர் தலையின் எடைமையம் முகத்துக்கு வெகு பின்னால் இருக்கிறது. ஓரத்தில் பட்டதும் தலை அந்த மையத்தைச் சுற்றித் திரும்புகிறது, பற்சக்கரம் போலப் பந்தை எதிர்ப்பக்கம் சுழற்றிவிடுகிறது. நுனிப்பக்கம் பட்டால் இடப்பக்கம் வளைவதும் இதனால்தான். பந்துக்கு மிக நெருக்கமாக நிற்கிறீர்களா என்று பாருங்கள்.

கடம்பு

புள்ளி வைத்துப் பார்த்தேன். வலப்பக்கம் வளைந்த ஆறில் ஐந்து குதிப்பக்கத்தில் பட்டவை! அரையடி தள்ளி நின்றதும் புள்ளிகள் நடுவுக்கு வந்துவிட்டன. ஒரே ஒரு கேள்வி. இடப்பக்கம் வளைய உதவும் என்று எடையைக் குதிப்பக்கம் வைத்த டிரைவர்கள் விற்கிறார்களே, வாங்கலாமா?

மூத்தகை

வளைவைக் கொஞ்சம் குறைக்கும், பிடியைத் திருத்தாது. இப்போது வேண்டாம். மாற்றத்தான் வேண்டும் என்றால் சாய்வு கூடிய டிரைவராக, 12 பாகை அளவில் பாருங்கள். பின்சுழற்சி கூடும், அச்சு சாய்வது குறையும். அதுவரை இருக்கும் டிரைவரையே ஓர் அங்குலம் கீழே தள்ளிப் பிடியுங்கள். அடுத்த முறை திடலுக்குப் போகும்போது பெட்டியையும் மார்க்கரையும் எடுத்துப் போங்கள். எண்ணிக்கை எழுதும் சுற்றுக்கு இன்னும் இரண்டு வாரம் பொறுத்திருங்கள்.